ராமக்கா என்று கூப்பிட்டால் வருகிறவள்

என் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டியின் பெயர் ராமக்கா என்றுதான் நான் நினைத்திருந்தேன். கல்யாணமாகி அந்தக் கொட்டாய்க்கு நான் வந்தபோது வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் வந்தாள். ஒருத்தியை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவளும் வந்து நின்றால் அதற்கு மேல் யார் விசாரிக்கப் போகிறார்கள்?

எங்கள் கொட்டாய் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலைப்பக்கம் போகிற வண்டித்தடத்தில் இருந்தது. ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்கு நடுவே இரண்டு வீடு, ஒரு கிணறு, மாட்டுப்பட்டி, அவ்வளவுதான். மாமியார், மூத்த மகன் சென்றாயன், அவர் பெண்டாட்டி ராமக்கா, அவர்கள் மகள் மாதம்மா, பிறகு என் புருஷன் மாரியப்பனும் நானும். பேச்சுத் துணைக்கு ராமக்காவை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை. அவளோ வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பாள். நான் பத்துப் பேச்சுப் பேசினால் ஒரு "ம்" வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏன்க்கா, பேசுனா காசு கேக்குறாங்களா?" என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு "ம்" தான்.

ஒரு கார்த்திகை மாதம் அவளுடைய அண்ணன் கோவிந்தன் மொரப்பூரிலிருந்து வந்தார். அவர் வருவதே அபூர்வம். நானும் ராமக்காவும் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் வரப்பில் நின்று கையைத் தூக்கி, "தீர்த்தி! ஏ தீர்த்தி!" என்று கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் இந்த மனுஷன் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் களைக்கொத்து கீழே விழுந்தது. ராமக்கா எழுந்து ஓடினாள். ஓடிப்போய் அண்ணன் வாயைத் தன் கையால் பொத்தினாள். மாதம்மா வேப்பமரத்தடியில் கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தது. அது பார்த்ததா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அவர் போனபிறகு நான் விடுவேனா? களைக்கொத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "சொன்னாத்தான் தருவேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். தலையைக் குனிந்தபடியே சொன்னாள். யாரோ பக்கத்து ஊர்க்காரியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ராமக்கா என்பது அவளுடைய அக்கா. சென்றாயனுக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவள் அவள்தான். மாதம்மாவைப் பெற்றவளும் அவள்தான். ஒரு கோடையில் வாந்திபேதி வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். குழந்தை அப்போது நடை பழகி முடித்து ஓட ஆரம்பித்திருந்தது. அம்மா எங்கே, அம்மா எங்கே என்று தேடி, சோறு தண்ணியில்லாமல் கிடந்து, கண் சொருக ஆரம்பித்துவிட்டது. வைத்தியரும் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் என் மாமியாருக்கு அந்த யோசனை வந்தது. தங்கச்சிக்காரி தீர்த்தம்மாளைக் கட்டி வைப்பது என்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் இவர் அதோடு நிற்கவில்லை. குழந்தைக்கு அம்மா செத்ததே தெரியக்கூடாது, வருகிறவள் ராமக்காவாகவே வரவேண்டும் என்றார்.

அக்கா தங்கச்சி இருவருக்கும் முகஜாடை ஒன்றுதானாம். மற்றதெல்லாம் மாமியார் கைவேலை. ராமக்கா நடுவகிடு எடுத்து எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போடுவாள், அதே கொண்டை. ராமக்காவுக்கு இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, இவளுக்கு ஒன்றுதான், இன்னொரு பக்கமும் குத்தினார்கள். ராமக்கா ரவிக்கை போடமாட்டாள், பின்கொசுவம் வைத்துக் கட்டி முந்தானையைத் தோளில் இறுக்கிச் சொருகுவாள், அப்படியே கட்டச் சொன்னார்கள். செத்தவளின் சேலைகளைத் துவைத்துக்கூட வைக்கவில்லையாம், அந்த வாசனை வேண்டுமென்று. அப்படியும் குழந்தை கிட்டே வரவில்லை. கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு வீரிட்டு அழும். பிறகுதான் மாமியாருக்கு நினைவு வந்தது. ராமக்காவின் இடது முழங்கையில் தேள் பச்சை குத்தியிருந்தது. குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் அந்தத் தேளை விரலால் தடவிக்கொண்டேதான் குடிக்குமாம். உடனே பச்சை குத்துகிறவளைக் கூட்டிவரச் சொல்லி, அதே இடத்தில், அதே அளவில் தேளைக் குத்தினார்கள். புண் ஆறின அன்றைக்குக் குழந்தை அதைத் தடவியபடி அவள் மடியில் தூங்கிவிட்டது.

"அன்னிக்கு வூடே சிரிச்சுது ஜானகி," என்றாள். "நானும் சிரிச்சேன்."

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் என்ன. ராமக்கான்னு கூப்டாங்க. வந்தேன்."

அடுத்த முறை கோவிந்தன் அண்ணன் வந்தபோது வண்டித்தடத்திலேயே மடக்கி, உங்கள் தங்கச்சி முன்னே எப்படி இருந்தாள் என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் அப்பா மொரப்பூர்ப் பக்கம் ரயில்வே கேட்டுக்காரர். கேட்டுக்குப் பக்கத்திலேயே வீடு. பெரியவள் ராமக்கா ரயில் வந்தால் புகைக்குப் பயந்து உள்ளே போய்விடுவாள். சின்னவள் வெளியே ஓடி வருவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற மெட்ராஸ் பெண்களையும் பெங்களூர்ப் பெண்களையும் ஒரு நொடி பார்ப்பாள், அவ்வளவுதான். அடுத்த நாள் கோண வகிடு எடுத்துத் தலை பின்னிக்கொண்டு நிற்பாள். தோளில் கை பொம்மென்று உப்பினாற்போல் ஒரு ரவிக்கையைப் பார்த்துவிட்டு, தையல்காரரிடம் போய்த் தரையில் கரியால் படம் போட்டுக் காட்டித் தைத்து வாங்கினாளாம். ரயில் கார்டு மாதிரி வாயில் இரண்டு விரலை வைத்துச் சீட்டி அடிப்பாளாம். சீட்டி கேட்டால் எருமை கூட வழிவிடும் என்றார். சிரித்தால் அடுத்த கேட்டுக்குக் கேட்கும் என்றார்.

"எங்க அப்பா வெளக்குமாத்தால கூட அடிச்சிருக்காருங்க. அடங்கலியே. இவுங்க அடிக்கவே இல்லீங்க," என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்.

அந்தச் சீட்டியையும் சிரிப்பையும் நான் அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இவள் புகையிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு களி கிண்டிக்கொண்டிருக்கிறாள். புகையிலையும் ராமக்காவின் பழக்கம்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

மாமியாரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் எச்சில் பாத்திரத்தைக் கழுவினவர். பேத்தி பிழைக்க வேண்டும் என்று ஒன்றைச் செய்தார், பேத்தி பிழைத்துவிட்டது. பிழைத்த பிறகு அதை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அத்தை, அவுங்க பேரு தீர்த்தம்மாதானுங்களே? எத்தனை காலத்துக்குங்க இது?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளையே கூப்பிட்டு என் முன்னால் சொன்னார். "மாதம்மா கல்யாணம் வரைக்குந்தாண்டி. புள்ளைய ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நானே அதுங்கிட்ட சொல்லிப்புடறேன். அப்பறம் நீ எப்புடி வேணா இரு. எந்தப் பேரு வேணா வெச்சுக்க. ஒம் பேருக்கு நாந்தான் பொறுப்பு."

அன்றிலிருந்து தீர்த்திக்கு அந்த ஒன்றுதான் கணக்கு. மகள் கல்யாணம். அவள் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் மாதம்மா வளர வளர, பாவாடை எத்தனை விரல் குட்டையாகிறது என்று தீர்த்தி அளந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். தனக்கென்று அவளுக்கு ஒரு பிள்ளையும் தங்கவில்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் கலைந்தது. அதற்கும் அழவில்லை. "வூட்டுக்காரர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "இந்தான்னாரு, தண்ணி குடுத்தாரு," என்றாள். சென்றாயன் அவளை "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். முதல் பெண்டாட்டியையும் "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருப்பார். ஆக, அந்த வீட்டுப் பெரியவர்களில் அவளை ராமக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். அதில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை.

"நாம ரெண்டு பேரும் தனியா இருக்கறப்பவாவது நான் உங்கள தீர்த்தியக்கான்னு கூப்புடட்டுங்களா?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"வேண்டாம் ஜானகி," என்றாள். "பழகிப்போயி, அது முன்னாடி வாய் தவறிக் கூப்டுருவ. நானும் திரும்பிப் பார்த்துருவேன்."

உலக யுத்தம் வந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தருமபுரி வழியாகப் போன சின்ன ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ரேஷன் வந்தது. கோவிந்தன் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து எங்கேயோ போனார், அப்புறம் வரவே இல்லை. அந்தச் செய்தி வந்த அன்றைக்கும் தீர்த்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அப்பா அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள், இனி அவள் சொந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் இந்தக் கொட்டாயில் இருக்கிற நாங்கள்தான், வேறு யாருமில்லை என்று எனக்குத் தோன்றியது.

சண்டை முடிந்த மறுவருஷம் மாதம்மாவுக்கு நல்லம்பள்ளியில் மாப்பிள்ளை அமைந்தது. நிலபுலன் உள்ள இடம், பையனும் தங்கமானவன். ஜவுளி எடுக்கத் தருமபுரிக்குப் போனோம். கண்ட்ரோல் துணியில் கல்யாணச் சேலை பொறுக்குவது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். எல்லாம் எடுத்து முடித்த பிறகு, கடையின் ஓரத்தில் தீர்த்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு துண்டுத் துணி. ஆகாய நீலம், வெள்ளைப் புள்ளி. சேலைக்கு ஆகாது, ரவிக்கைக்குத்தான் ஆகும். சென்றாயன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைக்காரரிடம், "இதையும் சேர்த்துக் கட்டுங்க" என்றார்.

வெளியே வந்ததும் அவள் என் காதோடு சொன்னாள். "கை உப்பலா வெச்சுத் தெக்கணும் ஜானகி. இப்பவும் தெப்பாங்களா அப்படி?"

"தெக்காம என்னங்க! நான் போய் உக்காந்து தெச்சு வாங்கறேன்," என்றேன். அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். அத்தனை வருஷத்தில் அவள் பல்வரிசையை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். நல்ல வரிசை.

மாமியார் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரியை அழைப்பது வழக்கம். பூவும் பொட்டுமாகச் செத்துப்போன வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. கிணற்றடிக்குப் பம்பை மேளத்தோடு போய், புதுக்குடத்தில் தண்ணீர் மொண்டு, குடத்துக்கு மஞ்சள் சேலை சுற்றிப் பூ வைத்து, அவள் பெயரைச் சொல்லி வா என்று கூப்பிடவேண்டும். கூடியிருக்கிற பெண்களில் ஒருத்தி மேல் அவள் இறங்கி வந்து, வாக்குச் சொல்லி, மணப்பெண்ணுக்குத் திருநீறு வைத்துவிட்டுத்தான் போவாள். அவள் வராமல் தாலி கட்டினால் அந்தக் குடும்பம் விளங்காது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி யார்? ராமக்காதானே? ராமக்கா என்று கூப்பிட்டால் பெண்ணுக்கு விஷயம் தெரிந்துவிடும். தெரியட்டும், அன்றைக்குத்தானே சொல்வதாக இருந்தது என்று நான் நினைத்திருந்தேன்.

பூசைக்கு முதல் நாள் மாமியார் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "கிட்டத்துல வரவர எனக்குத் தெகிரியம் இல்ல. தாலி ஏற நேரத்துல புள்ள மனசு ஒடஞ்சா என்ன ஆவறது? அதனால புள்ளகிட்ட மாத்திச் சொல்லிட்டேன். ஒங்கப்பனுக்கு மூத்த சம்சாரம் ஒருத்தி இருந்தா, ஒங்கம்மாளுக்கு அக்கா, நீ பொறக்கறதுக்கு முந்தியே போயிட்டா, பேரு தீர்த்தம்மான்னு சொல்லிட்டேன். பம்பைக்கார மாதுகிட்டயும் நம்ம சனங்ககிட்டயும் அந்தப் பேரையே சொல்லியாச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்திவிட்டேன். "என்னங்க அத்தை இது! உசிரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காங்க! அவுங்க பேரச் சொல்லியா செத்தவளைக் கூப்புடறது? பேருக்கு நாந்தான் பொறுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ராமக்காளுக்குத் தெரியாதா, நம்ம புள்ளைக்காகத்தான் மாத்திக் கூப்புடறோம்னு? வருவா," என்றார் மாமியார். அவர் செத்தவளிடம் மட்டும்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சென்றாயன் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். என் புருஷன் என்னை முறைத்தார். தீர்த்தி மாவிடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்தக்கூட இல்லை.

"ஆவட்டுங்க அத்தை," என்றாள்.

பின்னால் தனியாக அவளைப் பிடித்து உலுக்கினேன். "என்னங்கக்கா, கல்லா நீங்க? கல்யாணம் ஆனதும் உங்க பேரு உங்களுக்குன்னாங்களே!"

"பூவாடைக்காரி பேர உசிரோட இருக்கறவளுக்கு யாரு ஜானகி வெப்பாங்க?" என்றாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

மறுநாள் காலையில் கிணற்றடி நிறையச் சனம். மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். மாதம்மா ஈரத்தலையோடு மஞ்சள் சேலையில் நின்றது. பக்கத்தில் தீர்த்தி, கையில் மஞ்சள் குங்குமத் தட்டு. பம்பை முழங்கியது. பம்பைக்காரர் மாது கண்ணை மூடிப் பாடிக்கொண்டே கூப்பிட்டார். "பூவாடைக்காரி தாயே, தீர்த்தம்மா தாயே, எறங்கி வாம்மா!"

யாரும் ஆடவில்லை. மறுபடி கூப்பிட்டார். பம்பை வேகம் எடுத்தது. பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, இருந்தாலும் பார்த்தேன். சுவர் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். பூவாடைக்காரி வரவில்லை என்றால் கல்யாணமே நிற்கும். பொறுக்கமாட்டாமல் மாமியாரே முன்னால் வந்து, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி கத்திவிட்டார்.

"தீர்த்தி! ஏ தீர்த்தி! வாடியம்மா!"

"வந்துட்டேன்!"

தட்டு விழுந்து மஞ்சள் சிதறியது. அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. அடுத்த கேட்டுக்குக் கேட்கிற குரல். சனம் குலவை போட்டது. மாது ஓடிவந்து, "யாரும்மா வந்திருக்கறது?" என்று கேட்டார்.

"நாந்தான். தீர்த்தி."

"எந்த ஊரும்மா?"

"மொரப்பூரு. கேட்டுக்காரர் மக."

"ஆமா, ஆமா, அவளேதான்!" என்று மாமியாரின் தங்கச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தீர்த்தி கொண்டையைப் பிடுங்கி அவிழ்த்தாள். அவள் ஆடவில்லை, சாமி வந்தவர்கள் மாதிரி உடம்பை முறுக்கவில்லை. சும்மா நின்று, எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினாள்.

"என்ன வேணும் தாயே? கேளு, செய்யறோம்!"

"எம் பேரு எனக்கு வேணும். இத்தன வருசமா ஒருத்தரும் கூப்புடல."

"கூப்புடறோம் தாயே!" என்றது கூட்டம். "வருசா வருசம் பொங்க வெச்சுக் கூப்புடறோம்!"

"நான் சாகல!"

"நீ எங்க தாயே சாவ? எங்களுக்குத் தெய்வமா நிக்கறயே!"

"அய்யோ, நான் சாகலீங்க. இங்கதானே இருக்கறேன்," என்றாள். அதற்கும் குலவைதான் கேட்டது. எனக்கு உண்மை வாய் வரை வந்துவிட்டது. என் புருஷன் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார். சென்றாயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்து ஓவென்று அழுதார். சாமிக்கு விழுந்தாரா, பெண்டாட்டிக்கு விழுந்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. சனம் அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டது. மாமியார் கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மலையேத்துங்க, சீக்கிரம் மலையேத்துங்க," என்று மாதுவை நெட்டித் தள்ளினார்.

அப்போதுதான் மாதம்மா குனிந்து அவள் பாதத்தைத் தொட்டது.

"பெரீம்மா, எனக்குத் துன்னூறு வெச்சு விடுங்க. எங்கம்மாளையும் நல்லபடியா வெச்சிருங்க பெரீம்மா."

தீர்த்தி அந்தப் பெண்ணையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மாதுவின் கையிலிருந்த திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மாது அவள் முன்னால் கற்பூரத்தைச் சுற்றினார். "தீர்த்தம்மா மலையேறிட்டா!" என்று உரக்கச் சொன்னார். பம்பை நின்றது.

மாமியார் அவள் பின்னால் போய்க் குனிந்தார். "ராமக்கா," என்றார். பதில் இல்லை. தோளைத் தொட்டு, கெஞ்சுகிற மாதிரி மறுபடி கூப்பிட்டார். "ராமக்கா, ஏ ராமக்கா."

"ஏனுங்க அத்தை."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு, சிதறிக் கிடந்த மஞ்சளைத் தட்டில் அள்ள ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்து அள்ளினேன். மாதம்மாவுக்கு ஆசை தாங்கவில்லை. பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு கேட்டது.

"அம்மா, பெரீம்மா வந்தாங்களே, ஒனக்குத் தெரிஞ்சுதா? எப்புடி இருந்தாங்க?"

"தெரியலயே கண்ணு," என்றாள். "நீங்கல்லாம் பாத்தீங்களே. நாந்தான் பாக்கல."